கட்டுப்பாடு முதல் பேணல் வரை: தாய்–சேய் நலச் சொற்களின் வரலாறு

0. முன்னுரை

குழந்தை எப்போது வேண்டும் எனக் கணவனும் மனைவியும் எண்ணும் நாள் தொடங்கி, பிறந்த குழந்தைக்கு ஆறு வயது நிரம்பும் நாள் வரை குடும்பத்திற்குத் துணைநிற்கும் பொருட்டு, எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்திய அரசு பல திட்டங்களை வகுத்து வந்துள்ளது. அவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் வரையப்பட்டவை. பல இந்தியில் பெயர் பெற்றவை. பிற மொழிகளுக்கு மொழிபெயர்ப்பின் வழியாகவோ எழுத்துப்பெயர்ப்பின் வழியாகவோ வந்து சேர்ந்தவை. இவ்வரலாற்றை மருத்துவ நோக்கிலும் மக்கள்தொகை நோக்கிலும் எழுதியோர் பலர். சொல் வரலாறாக நோக்கின் வேறொரு செய்தி புலப்படும்.

ஒரு திட்டத்தின் பெயர், அத்திட்டம் கூறும் செயலுக்கு உரியவர் யார் என்பதைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது. திட்டமிடுவது குடும்பமா, கட்டுப்படுத்துவது அரசா. பெறுவது உதவியா, உரிமையா. தருவது ஊதியமா, மதிப்பூதியமா என்னும் வினாக்களுக்கு விடை பல வேளைகளில் மொழிபெயர்ப்பாளரின் மேசையிலேயே முடிவாகியுள்ளது. இக்கட்டுரை அத்தகைய சொற்கள் சிலவற்றைத் தமிழை மையமாகவும் பிற இந்திய மொழிகளை ஒப்பீட்டிற்காகவும் கொண்டு ஆராய்கிறது.

1. பேறு பார்ப்போர் பெயர்கள்

வட இந்திய மொழிகளில் பேறு பார்க்கும் பெண்ணைக் குறிக்கும் பொதுச்சொல் 'தாயி' என்பதாகும். இதனைப் பாலூட்டி வளர்ப்பவளைக் குறிக்கும் வடமொழித் 'தாத்ரி'யோடும், அதே பொருளுடைய பாரசீகத் 'தாயா'வோடும் தொடர்புபடுத்துவர். தமிழ்த் 'தாய்' இதனோடு ஒலியால் ஒத்திருப்பினும் பிறப்பால் வேறானது. இவ்வொற்றுமையால் வட இந்திய ஆவணங்களைத் தமிழாக்குவோர் 'தாய்ப் பயிற்சி' என எழுதின், தாய்மார்க்குரிய பயிற்சி எனப் பொருள் மாறிவிடும்.

1885இல் டஃப்ரின் சீமாட்டி நிறுவிய நிதியம் இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர் வழி மருத்துவ உதவி கிடைக்க வழி செய்தது. கர்சன் சீமாட்டியின் முயற்சியால் 1903இல் தோன்றிய விக்டோரியா நினைவு உதவிநிதி தாயிகளுக்குப் பயிற்சி அளித்தது. அக்கால ஆங்கில அறிக்கைகளில் தாயி அறியாமையின் உருவாகவே பெரிதும் காட்டப்பட்டாள். 'பயிற்சி பெற்ற' என்னும் அடை அவளுக்கு இட்டபோதே, அடையில்லாத தாயி ஐயத்திற்கு உரியவளானாள்.

தமிழில் இவ்வரலாறு சொல்லின் உறுப்பிலேயே பதிந்துள்ளது. 'மருத்துவன்' என்பதன் பெண்பாலாகிய 'மருத்துவச்சி', நோய் தீர்ப்பவள் எனப் பொருள்படாது, பேறு பார்ப்பவள் என்றே வழங்கலாயிற்று. சவரத் தொழில் செய்த குடியினர் 'மருத்துவர்' என்ற பெயராலும் அறியப்பட்டனர். அக்குடிப் பெண்டிர் ஊரில் பேறு பார்த்தனர். ஆகவே மேலைமருத்துவம் கற்ற பெண்கள் தோன்றியபோது, இலக்கணப்படி அவர்களுக்கு உரிய 'மருத்துவச்சி' என்னும் சொல்லை எவரும் அவர்களுக்கு இடவில்லை. 'லேடி டாக்டர்' என்றும், பின்னர்ப் 'பெண் மருத்துவர்' என்றும் வழங்கினர். ஒரு விகுதி சாதியோடும் தொழிலோடும் பிணைந்து தன் ஆக்க ஆற்றலை இழந்தமைக்கு இது தக்க சான்று.

'செவிலி' என்னும் சொல் இதற்கு மறுதலையாக உயர்ந்தது. அகப்பாடல் மரபில் தலைவியை வளர்த்த தாயாக வருபவள் செவிலி. அச்சொல்லே இன்று மருத்துவமனைத் தாதியர்க்குப் பெயராகிச் 'செவிலியர்', 'கிராம சுகாதாரச் செவிலியர்' என வழங்குகிறது. வளர்ப்புத்தாய் என்னும் பழம்பொருளின் சாயல், வீடு தேடிவரும் பணியாளர்க்கு ஓர் அணுக்கத்தைத் தந்தது எனலாம்.

பேற்றைக் குறிக்கும் சொற்களிலும் வேறுபாடு நோக்கத்தக்கது. 'பிரசவம்' எங்கும் வழங்குவது. 'பேறுகாலம்' தென்மாவட்டப் பேச்சில் இன்றும் உயிருடன் உள்ளது. அரசு ஏற்றது 'மகப்பேறு'. ஆங்கிலச் சொற்கள் பேற்றை உழைப்பாகவும் விடுவிப்பாகவும் காண, தமிழ்ச்சொல் அதனைப் பெறுதலாகக் காண்கிறது. திருக்குறளின் ஏழாம் அதிகாரம் பரிமேலழகர் உரையில் 'புதல்வரைப் பெறுதல்' எனவும், பொது வழக்கில் 'மக்கட்பேறு' எனவும் தலைப்புப் பெறுவதையும் இங்கு நினைக்கலாம். 'மகவு' பால் சுட்டாதது. ஆதலின் 'மகப்பேறு' ஆட்சிச் சொல்லானது நன்று.

2005இல் ஜனனி சுரக்ஷா யோஜனா மருத்துவமனைப் பேற்றுக்கு ஊக்கத்தொகை அளிக்கத் தொடங்கியது. தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி, நாட்டில் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்த பேறுகள் 2005–06இல் 38.7 விழுக்காடு, 2019–21இல் 88.6 விழுக்காடு. பதினைந்தாண்டுகளில் தாயியும் மருத்துவச்சியும் நடைமுறையிலிருந்து பெரிதும் விலகினர். அவர்களோடு, வலியின் படிகளையும் குழந்தையின் கிடப்பையும் வேறுபடுத்திக் கூறிய பேச்சுவழக்குச் சொற்களும் தொகுக்கப்படாமலே மறைகின்றன. களப்பணி மொழியியலார் விரைந்து கவனிக்க வேண்டிய துறை இது.

2. 'கர்ப்ப ஆட்சி'யும் 'குடும்பக் கட்டுப்பாடு'ம்

கருத்தரிப்பைத் திட்டமிடுதல் பற்றிய பேச்சு அரசுக்கு முன்னரே சீர்திருத்தக்காரர்களிடம் தொடங்கிற்று. பம்பாயில் ர. தோ. கர்வே 1921இல் ஆலோசனை நிலையம் தொடங்கினார். 1923இல் வெளிவந்த அவரது மராத்தி நூலின் பெயர் 'சந்ததி நியமன்'. மைசூர் அரசு 1930இல் அரசு சார்ந்த கருத்தடை நிலையங்களைத் திறந்தது. தமிழில் பெரியார் 'குடி அரசு' வழி இதனை விவாதித்தார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் 'கர்ப்பத்தடை' என்பது ஓர் இயல். அவ்வியக்கத்தார் வழங்கிய மற்றொரு தொடர் 'கர்ப்ப ஆட்சி'.

இத்தொடர் மொழியியல் நோக்கில் தனிச்சிறப்புடையது. 'ஆட்சி' என்பது ஆள்பவரை வேண்டி நிற்கும் சொல். பெரியாரின் வாதத்தில் ஆள்பவள் பெண். ஆளப்படுவது அவள் கர்ப்பம். நாட்டின் மக்கள்தொகையோ குடும்பத்தின் வறுமையோ முதன்மைக் காரணமாக வைக்கப்படவில்லை. பெண்ணின் விடுதலையே வைக்கப்பட்டது. சொல்லாக்கமும் அதற்கு இயைந்தது.

1952இல் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் பகுதியாக இந்தியா தேசிய அளவில் இத்திட்டத்தைத் தொடங்கியது. அரசே இத்தகைய திட்டத்தை மேற்கொண்ட முதல் நாடு இந்தியாவாகும். ஆங்கிலப் பெயரில் இருந்தது திட்டமிடுதல் என்னும் கருத்து. இந்தி, மராத்தி, குஜராத்தி ஆகியன 'நியோஜன்' என்றும், வங்காளம் 'பரிகல்பனா' என்றும், கன்னடம் 'யோஜனெ' என்றும், மலையாளம் 'ஆசூத்ரணம்' என்றும் அதனைக் கொண்டன. இவையனைத்தும் திட்டமிடுதலையே குறிக்கும். தெலுங்கில் 'குடும்ப நியந்த்ரண'மும் தமிழில் 'குடும்பக் கட்டுப்பாடு'ம் நிலைபெற்றன. இவ்விரண்டும் குறிப்பது அடக்கியாளுதலை.

தமிழ்த்தொடரின் அமைப்பைப் பகுத்து நோக்கின், முதலுறுப்பு புதிய ஆங்கிலப் பெயரிலிருந்தும், இரண்டாம் உறுப்பு அதற்கு முன் வழங்கிய 'பிறப்புக் கட்டுப்பாடு' என்னும் கருத்திலிருந்தும் வந்து கலந்தமை புலப்படும். கட்டுப்படுத்தப்படுவது பிறப்பு என்றிருந்த நிலை மாறி, குடும்பமே என்றாகிவிட்டது. அக்காலச் சூழலும் இதற்குத் துணை செய்திருக்கலாம். போர்க்காலம் முதல் 'உணவுக் கட்டுப்பாடு', 'விலைக் கட்டுப்பாடு' என அரசின் கையிலிருந்து வந்த சொல் அது. சென்னை மாநிலத்தில் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதும் அதே 1952இல்தான். 'ஊர்க்கட்டுப்பாடு' என்னும் வழக்கில் அச்சொல் விலக்கிவைத்தலையும் குறிக்கும். தன்னடக்கம் என்னும் நற்பொருளும் அதற்கு உண்டு. அண்ணா அதனைக் கடமை, கண்ணியம் ஆகியவற்றோடு வைத்தார். எனினும் திட்டத்தின் பெயரில் எப்பொருள் முன்நின்றது என்பதைப் பேச்சுவழக்கே காட்டும். 'குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டாள்' என்றால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாள் என்பதே பொருள். இரு குழந்தைகளுக்கிடையே இடைவெளி விடுதல், காலந்தாழ்த்திக் கருவுறுதல், குழந்தையில்லார் சிகிச்சை பெறுதல் ஆகிய எதனையும் அத்தொடர் குறிப்பதில்லை. திட்டமிடுதல் என்னும் முழுமை, முடித்துவைத்தல் என்னும் ஒரு செயலாகச் சுருங்கிவிட்டது.

இத்திட்டத்தின் முழக்கத்தில் மட்டும் தமிழ் ஒரு பேறு பெற்றது. இந்தியின் 'ஹம்' கேட்போரை உளப்படுத்துவதும் படுத்தாததுமாகிய இரு நிலைக்கும் பொது. தமிழ், 'நாம் இருவர் நமக்கு இருவர்' என உளப்பாட்டுத் தன்மைப் பன்மையைத் தேர்ந்தது. கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் குரல் அதனால் அமைந்தது. பெயர் அரசின் குரலில் ஒலிக்க, முழக்கம் இல்லத்தின் குரலில் ஒலித்தது.

3. நலம் எனும் புதுப்பெயர்

இலக்கு எண்ணிக்கையை முன்வைத்த முகாம்கள் 1970களின் தொடக்கத்தில் பெருகின. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரு முகாமில் மட்டும் 63,000க்கு மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. நெருக்கடி நிலைக் காலத்தில் இது கட்டாயமாக மாறிற்று. 1976–77இல் நாடெங்கும் ஏறத்தாழ 82 லட்சம் பேருக்கு அறுவை நிகழ்ந்தது. அவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். வட இந்தியாவில் 'நஸ்பந்தி' என்னும் சொல் அச்சத்தின் பெயரானது.

1977இல் ஆட்சி மாறியபின் திட்டத்தின் பெயரும் மாறியது. இந்தியில் 'பரிவார் கல்யாண்', தமிழில் 'குடும்ப நலம்'. அமைச்சகமும் சுகாதார, குடும்பநல அமைச்சகம் ஆயிற்று. ஆயின் பெயர் மாற்றம் பொருள் மாற்றத்தை உறுதிசெய்வதில்லை. தமிழ் அலுவலக நடையில் 'குடும்பநல அறுவைச் சிகிச்சை' என்னும் தொடர் தோன்றிற்று. பழைய பொருள் புதுச்சொல்லுக்குள் குடியேறி, நலம் என்பதன் பரப்பையே சுருக்கியது. மங்கலவழக்காக வரும் சொற்கள் தாம் மறைக்கும் பொருளின் கறையை விரைவில் ஏற்கும் என்பது மொழியியல் அறிந்த உண்மை. அதே 'குடும்பநல' என்னும் அடை, 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழித் தோன்றிய நீதிமன்றங்களுக்கும் சேர்ந்தது. ஆகவே இன்றைய தமிழில் அவ்வடை ஓரிடத்தில் கருத்தடையையும் மற்றோரிடத்தில் மணவிலக்கு வழக்கையும் நினைவூட்டுகிறது.

1976–77க்குப் பின் ஆண்களுக்கான அறுவை அருகியது. சுமை பெண்கள்பால் சென்றது. 2019–21ஆம் ஆண்டு ஆய்வில், மணமான பெண்களுள் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர். ஆண்களின் அறுவையைச் சார்ந்தோர் 0.3 விழுக்காட்டினரே. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரு முகாமில் அறுவை செய்துகொண்ட பெண்கள் பதின்மருக்கு மேல் உயிரிழந்தனர். தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016இல் உச்சநீதிமன்றம் முகாம் முறையை மூன்றாண்டுகளுக்குள் கைவிடப் பணித்தது. சரிபார்ப்புப் பட்டியலையும் அறுவையின் விளைவுகளையும் உரியவர் அறிந்த மொழியில் விளக்க வேண்டும் எனவும் அத்தீர்ப்பு ஆணையிட்டது. மொழிபெயர்ப்பு இங்குச் சலுகை அன்று. ஒப்புதல் செல்லத்தக்கது ஆவதற்குரிய நிபந்தனை. 'குடும்பநல' என்னும் மங்கலவழக்கால், மீளாத அறுவை என்பதை ஒரு பெண் அறியாது போவாளாயின், அவள் இட்ட கையொப்பத்தின் பொருள் என்ன என்னும் வினா எழுகிறது.

1994இன் கெய்ரோ மாநாட்டை அடுத்து, 1996இல் இலக்கு முறை கைவிடப்பட்டு, 1997இல் புதிய திட்டம் வந்தது. அதன் பெயருக்குத் தமிழ் 'இனப்பெருக்க நலம்' என்னும் தொடரைப் பயன்படுத்தியது. 'இனப்பெருக்கம்' தாவரம், விலங்கு பற்றிய பாடநூல்களில் வேரூன்றிய சொல். 'இனப்பெருக்க உரிமை' என்பதைப் படிக்கும் பொது வாசகர், பெருகுவதற்கான உரிமை என்றே கொள்வர். கருவுறவும் கருவுறாதிருக்கவும் முடிவெடுக்கும் உரிமை என்பது அவர்க்குத் தோன்றாது. 'மகப்பேற்று உரிமை' என்பதும் ஒரு பாதியையே உணர்த்தும். இத்துறையில் தமிழ் இன்னும் தக்க சொல்லைத் தேடுகிறது.

சட்டத்தோடு முரணும் சொல்லும் உண்டு. 2021ஆம் ஆண்டுச் சட்டம், பணத்திற்காக வேறொருவர்க்குக் கருச்சுமத்தலைத் தடை செய்து, கைம்மாறு கருதாத முறையை மட்டும் ஏற்கிறது. நாளிதழ்த் தமிழோ அச்சட்டத்தை 'வாடகைத் தாய்ச் சட்டம்' என்றே எழுதுகிறது. விலக்கப்பட்டதன் பெயரே அனுமதிக்கப்பட்டதற்கும் பெயராகியுள்ளது.

4. உதவி, நலன், உரிமை

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று நலன் பற்றிய மசோதா வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதனை ஆதரித்தார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வு பெறுவது நாட்டின் நலனுக்கு உரியது என்பது அவர் வாதம். 1929இல் அது சட்டமாயிற்று. அரசமைப்பின் 42ஆம் உறுப்பு பயன்படுத்தும் சொல் துயர்நீக்கம் என்னும் பொருளது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் பயன்படுத்தியது நலன் என்னும் பொருளது. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், கருவுற்ற பெண் ரூ. 6,000க்குக் குறையாத தொகைக்கு உரியவள் என்கிறது. துயர்நீக்கம், நலன், உரிமை என்னும் இம்மூன்று படிகளும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொற்களால் தெளிவாகப் பிரிந்துள்ளன. தமிழ் நடைமுறையில் மூன்றும் 'உதவி' என்னும் ஒரே சொல்லுள் அடங்கிவிடுவதைக் காணலாம். தமிழ்நாட்டில் 1987இல் தொடங்கிய திட்டமும் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 'மகப்பேறு நிதியுதவி' என்றே வழங்குகிறது. உதவி கொடுப்போர் விருப்பத்தைச் சார்ந்தது, உரிமை அவ்வாறன்று.

2017இல் மத்திய அரசு வகுத்த திட்டத்தின் பெயர் 'மாத்ரு வந்தனா'; தாய்க்கு வணக்கம் என்பது பொருள். தொடக்கத்தில் அது முதற்குழந்தைக்கு மட்டும், நிபந்தனைகளுடன், தவணைகளாக ரூ. 5,000 அளித்தது, எஞ்சிய தொகை ஜனனி சுரக்ஷா யோஜனாவின் வழிச் சேரும் என விளக்கப்பட்டது. சட்டம் உரிமை என்றதைத் திட்டம் வணக்கம் என்றது. வணக்கத்திற்கு வழக்காடு மன்றம் இல்லை.

இதே சிக்கல் பணியாளர் நிலையிலும் உண்டு. அங்கன்வாடிப் பணியாளர் பெறுவது ஊதியமன்று, மதிப்பூதியம் என்பது நெடுநாள் அலுவலக வழக்கு. மதிப்பு என்னும் முன்னொட்டு இங்கு உயர்வு தருவதாகத் தோன்றினும், தொழிலாளர்க்குரிய பயன்களை மறுக்கவே பயன்பட்டது. 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், அவர்கள் பெறும் தொகை பணிக்கொடைச் சட்டத்தின்படி ஊதியமே என்றும், அவர்கள் பணிக்கொடைக்கு உரியவர் என்றும் தீர்ப்பளித்தது. ஒரு சொல்லின் பொருள் வரையறை பல லட்சம் பெண்களின் முதுமைக்கால வாழ்வைத் தொட்டது.

5. முற்றமும் பாலும்

குழந்தையின் முதல் ஆறாண்டுகளுக்குரிய நிறுவனத்தின் பெயர் அலுவலகத்தில் பிறந்ததன்று. குஜராத்தில் கிஜுபாய் பதேகாவுடன் பணியாற்றிய தாராபாய் மோடக், 1940களில் பம்பாய் மாகாணத்துப் போர்டி என்னும் ஊரில் சிற்றூர்க் குழந்தைகளுக்கான பணியைத் தொடங்கினார். அனுதாய் வாக் அவருக்குத் துணைநின்றார். குழந்தைகள் பள்ளிக்கு வாராதபோது, பள்ளியே அவர்கள் வீட்டு முற்றத்திற்குச் சென்றது. 'ஆங்கன்' என்பது முற்றம். 'வாடி' என்பது தோட்டம், அடைப்பு. 1975 அக்டோபர் 2இல் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டபோது, அரசு இப்பெயரை ஏற்றது. துணையுணவு, தடுப்பூசி, உடற்பரிசோதனை, மருத்துவப் பரிந்துரை, முன்பருவக் கல்வி, உணவு–உடல்நலக் கல்வி என்னும் ஆறு பணிகள் ஒரு முற்றத்தில் கூடின.

இதற்கு முன்னோடியாகிய 'பால்வாடி'யில் 'பால்' என்பது குழந்தை. தமிழ்ச் செவிக்கு அது குழந்தை அருந்தும் பாலேயாயிற்று. உணவு வழங்கும் இடத்திற்குப் பாலின் பெயர் பொருந்தியமையால் இப்போலிச் சொற்பிறப்பு உறுதிப்பட்டது. 'வாடி'யும் விறகுவாடி, உப்புவாடி என முன்னரே தமிழில் வழங்கியது. 'அங்கணம்' முற்றம் எனப் பழந்தமிழில் உண்டு. ஆயின் தூய்மையற்ற முற்றமாகவும் சாக்கடையாகவும் பொருள் இழிந்துவிட்டமையால் அதனோடு எவரும் 'அங்கன்வாடி'யை இணைப்பதில்லை. 'குழந்தைகள் மையம்' என்னும் தனித்தமிழ்ப் பெயர் பலகையில் நிற்க, பேச்சில் நிற்பன அயற்சொற்களே. அயன்மை ஒரு சொல்லுக்குத் தடையன்று. அது சுட்டும் பொருள் நாள்தோறும் கதவைத் திறப்பின் சொல்லும் வேர்கொள்ளும்.

இதற்கு மாறானவை அண்மைக்காலச் சுருக்கப்பெயர்கள். 'ஆஷா', 'போஷன்' போன்றன, இந்தியில் பொருள் தரும் ஒலி கிடைக்குமாறு ஆங்கிலத் தொடர் ஒன்றை அமைத்து ஆக்கப்பட்டவை. நம்பிக்கை என்றும் ஊட்டம் என்றும் இந்தி வாசகர் உணர்வதை, எழுத்துப்பெயர்ப்பாகப் பெறும் தமிழ் வாசகர் உணர்வதில்லை. பெயரின் இரு அடுக்குகளும் உதிர்ந்து, ஒலி மட்டுமே வந்து சேர்கிறது.

இல்லத்து வழக்கிலிருந்தே பெயர் கொள்வது மற்றொரு நெறி. தமிழ்நாட்டின் 'சமுதாய வளைகாப்பு', இந்தி பேசும் மாநிலங்களின் அங்கன்வாடிகளில் நிகழும் 'கோத் பராயி' ஆகியன கருவுற்ற பெண்களுக்கான ஊட்டச்சத்து அறிவுரையைச் சடங்கின் பெயரால் அழைக்கின்றன. இவை எளிதில் விளங்கும். ஆயின் கைம்பெண்ணையும் கணவனால் கைவிடப்பட்டவளையும் விலக்கி வந்த சடங்கின் நினைவும் அப்பெயரோடு வரும் என்பதை மறத்தலாகாது. 2021இல் கருக்கலைப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, கருத்தடைச் சாதனம் பயனளிக்காமை பற்றிய விதியில் 'மணமான பெண் அல்லது அவள் கணவர்' என்றிருந்த இடம் 'பெண் அல்லது அவள் துணைவர்' என மாறியது. இத்திருத்தத்தை அறியாது பழைய தமிழாக்கத்தையே வழங்கும் கையேடு, மணமாகாத பெண்ணைச் சட்டம் தந்த காப்பிலிருந்து புறந்தள்ளிவிடும்.

2002இல் அரசமைப்பின் 45ஆம் உறுப்பு, ஆறு வயதுவரை முன்பருவப் பேணலும் கல்வியும் அளிக்க அரசு முயலும் எனத் திருத்தப்பட்டது. இங்குப் 'பேணல்' என்பதற்குத் தமிழில் பெரிதும் வழங்குவது 'பராமரிப்பு'. சாலைக்கும் பொறிக்கும் அதே சொல்லே வழங்குகிறது. 'பேணல்' விரும்பிக் காத்தலைக் குறிப்பது. ஆட்சித்தமிழ் இச்சொல்லைக் குழந்தைகளுக்கு உரியதாக ஒதுக்குவது தகும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் சில செய்திகள் பெறப்படுகின்றன. 'கர்ப்ப ஆட்சி' என்பதில் பெண் எழுவாயாக இருந்தாள். 'குடும்பக் கட்டுப்பாடு' என்பதில் குடும்பம் செயப்படுபொருளாயிற்று. 'குடும்ப நலம்' என்பதில் செயலே மறைந்தது. சொல்லின் தூய்மையோ அயன்மையோ அதன் பயனை முடிவுசெய்யவில்லை. யார் நிலையிலிருந்து அது பெயரிடப்பட்டது என்பதே முடிவுசெய்தது. ஆகவே இத்துறையில் மொழிபெயர்ப்போர் மூலச்சொல்லுக்கு நிகர்ச்சொல் தேடுவதற்கு முன், அச்சொல்லைக் கேட்கவிருக்கும் பெண் அதனைத் தன் வாயால் சொல்லின் என்ன பொருள்படும் எனக் கேட்டறிதல் வேண்டும். ஒப்புதல் படிவம், மகப்பேற்று அட்டை, அங்கன்வாடிப் பலகை ஆகியன அகராதியில் இடம்பெறாத நூல்கள். எனினும் மிகுதியானோர் தம் வாழ்வின் நெருக்கமான பொழுதில் படிக்கும், அல்லது படிக்கக் கேட்கும், தமிழ் அவற்றில் உள்ள தமிழேயாகும்.